கழற்றி வைத்த கதவு

அவளை எல்லோரும் மல்லாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். நீச்சல் குளத்தில் கைக்குழந்தைகளை ஏந்திக்கொண்டு நாள் முழுக்க "மல்லாக்கத் திரும்பு, மல்லாக்கப் படு" என்று சொல்லிச் சொல்லி, மல்லாக்கவும் அக்காவும் ஒட்டிக்கொண்டு ஒரே பேராகிவிட்டது. அவள் சொல்லிக்கொடுத்ததை நீச்சல் என்றுகூடச் சொல்ல முடியாது. தவறித் தண்ணீரில் விழுகிற குழந்தை தானாகப் புரண்டு, யாராவது வந்து தூக்கும்வரை முகத்தை மேலே வைத்து மிதக்க வேண்டும். அவ்வளவுதான்.

வேலையில் கெட்டி. ஆனால் காலில் சக்கரம். உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் நேரே குளியலறைக்குள் நுழைந்து, குழந்தை எதுவும் தவறி விழுந்துவிடக் கூடாதென்று, நிரம்பி நிற்கிற வாளியைக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருவாள். "இவ விருந்துக்கு வர்றதில்ல, சோதனை போட வர்றா" என்பார் கணவர்.

அன்று காலை ஒரு சின்னப் பெண் பாடத்தை முடித்தாள். இப்போதுதான் ஓடப் பழகியவள். முதல் சில வாரம் அவள் போட்ட கூச்சலில் அம்மா காதைப் பொத்திக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்திருக்கிறாள். இன்றைக்கோ கடைசிச் சோதனைக்காகச் சட்டையும் செருப்புமாகத் தண்ணீரில் சரிந்தவள், சட்டென்று புரண்டு, கூரையைப் பார்த்தபடி மிதந்தாள். அம்மா அழுதேவிட்டாள். அப்பா வாயெல்லாம் பல்லாக, இனிமேல் கவலையில்லை, வீட்டு நீச்சல் குளத்தின் வேலிக் கதவைக் கழற்றிவிட்டேன், போக வர இடைஞ்சலாக இருந்தது என்றார். மல்லாக்கா திரும்ப மாட்டச் சொன்னாள். பார்க்கலாம் என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அதற்கப்புறம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுத்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்தாள். மதியம் வகுப்பு முடிந்ததும் ஈரத்தலையோடு அவர்கள் வீட்டுக்கே கிளம்பிவிட்டாள்.

கதவை மாட்டச் சொல்லி அவள் மறுபடியும் கேட்டதும் குழந்தையின் அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க சொல்லிக்குடுத்ததுல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

"இருக்குங்க. ஆனா அவ தூக்கக் கலக்கத்துல விழலாம். படியில தலை இடிச்சு விழலாம். அன்னிக்கும் அவளுக்கு எல்லாம் ஞாபகம் வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது."

அவர் பதில் சொல்ல வாயெடுக்கும்போது சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "பாப்பா உங்ககிட்டயா இருக்கா?"

"உன்கிட்டதானே இருந்தா?"

பின்கதவு திறந்து கிடந்தது. மூவரும் ஓடினார்கள். குளத்தின் மேல் மரநிழல் விழுந்து அடி தெரியவில்லை. அப்பா போட்ட துணியோடு குதித்தார். மல்லாக்கா விளிம்பில் குப்புறப் படுத்துத் தண்ணீருக்குள் கண்ணை ஓட்டினாள். அவர் மூழ்கி, எழுந்து, மறுபடியும் மூழ்கினார். ஒன்றுமில்லை. அம்மா வீட்டுக்குள் தேட ஓடினாள்.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் கேட்டது. துவைக்கப் போட்ட துணியையெல்லாம் இறைத்துவிட்டு, காலிக் கூடைக்குள் பாப்பா சௌகரியமாக உட்கார்ந்து ஒரு காலுறையைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அப்பா கரையேறினார். சொட்டச் சொட்டப் போய்க் கதவைத் தூக்கிவந்தார். மல்லாக்கா தாங்கிப் பிடிக்க, அவர் திருகாணியை முடுக்கினார். அம்மா குழந்தையை இறுக்கிக்கொண்டு பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள்.

மல்லாக்கா வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து, பாடம் முடித்துப் போன பழைய பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் போட்டாள். கதவு பூட்டியிருக்கா, தொட்டிக்கு மூடி இருக்கா என்று கேட்டாள். சிலர் சிரித்தார்கள். ஒருத்தர் பாதியிலேயே போனை வைத்துவிட்டார். சாப்பிட்டுவிட்டுப் பேசக் கூடாதா என்றார் கணவர்.

"இன்னும் ஒரே வீடுங்க" என்றாள்.

அந்த வீட்டில் போனை எடுத்தவள் கொஞ்சம் தயங்கினாள். "இருங்கக்கா, பாத்துட்டு வந்து சொல்றேன்."

மல்லாக்கா போனைக் காதில் அழுத்திக்கொண்டு, அந்தப் பக்கம் தூரத் தூரப் போகிற காலடிச் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.