மைனஸ் பொத்தான்

மாமாவின் படகில் மீன் கூட்டம் காட்டுகிற ஃபிஷ் ஃபைண்டர் மிஷினில் மைனஸ் பொத்தான் மட்டும் தேய்ந்து மொழுக்கென்று இருக்கும். பிளஸ் பொத்தான் வாங்கிய அன்றைக்கு இருந்தபடியே புதுசு. மாமா என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். அந்த மிஷினில் கெய்ன் என்று ஒன்று உண்டு. கூட்டினால் கடலடியில் கிடக்கிற கல், கட்டை, அறுந்த வலை எல்லாம் திரையில் புள்ளி புள்ளியாக வரும். குறைத்தால் அந்தக் குப்பை மறைந்து, திரண்டு போகிற மீன் கூட்டம் மட்டும் பளிச்சென்று நிற்கும். மாமா குறைத்துத்தான் வைப்பார். மீன் பிடிக்க அது சரிதான். கும்மிடிப்பூண்டியில் இந்த மிஷின்களைப் பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிறேன், தெரிந்துதான் சொல்கிறேன்.

என் தம்பி பழவேற்காட்டு முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனான். கடலில் போனவன் உடம்பு கிடைக்கும்வரை எங்கள் குப்பத்தில் யாரும் வலை போடக் கூடாது. தேடுகிற படகு மட்டும் போகலாம். மிஷின் இருந்தது மாமாவின் படகில் மட்டும்தான். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவன் மூஞ்சிய ஒரு தபா பாத்துட்டா போதும் மாப்ள. மண்ணுல வெச்சுட்டு கம்முனு கெடப்பேன்.”

முதல் நாள் நானும் ஏறினேன். கெய்னைக் கூட்டினேன். திரை முழுக்கப் புள்ளி. அவர் உடனே மைனஸை அழுத்தினார்.

“இன்னா மச்சான், ஒரே பேஜாரா கீது!”

“அடியில கெடக்கறவன் மெலிசாத்தான் தெரிவான் மாமா. ஏத்தி வையி.”

“எல்லாம் எனக்குத் தெரியும். குந்து.”

மறுநாள் விடியலில் நான் கரைக்குப் போனபோது படகு போயிருந்தது. அதற்கப்புறம் ஒரு நாளும் என்னை ஏற்றவில்லை. சாயங்காலம் வந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுவார். அப்படி அழுத ஒரு நாள், அம்மா அவர் சட்டைக் காலரிலிருந்து எதையோ கிள்ளி எடுத்தாள். ஈரம் காயாத மீன் செதில்.

“ஊருல ஒருத்தனும் வல போடல. இது ஏது மாப்ள?”

“பழைய செதிலு அத்தே.”

பாவி! மொத்தக் கடலும் அவர் ஒருவருக்கு. தம்பி கிடைக்காத ஒவ்வொரு நாளும் அவருக்கு லாபம். ஊர்க் கூட்டத்தில் கேட்டேன். தேடப் போனவனைச் சந்தேகப்படுவதா என்று என் வாயைத்தான் அடைத்தார்கள்.

தம்பி தானாகவே கரை ஒதுங்கினான். அம்மா அரைஞாண் கயிற்றை வைத்து அடையாளம் சொன்னாள். பார்ப்பதற்கு முகம் இல்லை.

போன வாரம் மாமா பட்டறைக்கு வந்தார். மிஷினை மேஜையில் வைத்தார். தேய்ந்த பொத்தான் உடைந்து கழன்றிருந்தது.

“மைனஸ் அழுந்தல மச்சான். ஆன் பண்ணா கெய்னு தானா ஏறிக்குது, எறக்க முடியல. அடியில கீறதெல்லாம் தெரியுது. பாக்கவே முடியல.”

அதே மாதிரிப் புதுப் பொத்தான்கள் என் இழுப்பறையில் கைப்பிடி அளவு கிடந்தன.

“அது இப்ப வர்றதில்ல மாமா,” என்றேன். “தெரியறத பாத்துக்கினே போ.”