மந்திரி பேரில் போன பாதி முண்டு

வல்சேட்டனுக்கு ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. எங்கள் கோழிக்கோட்டுப் பத்திரிகை ஆபீஸில் அவருக்கென்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவரைவிட அவருடைய பைதான் அதிகம் உட்கார்ந்திருக்கும். ஜன்னல்வரை நடப்பார், வந்து நாலு வரி தட்டுவார், மறுபடி எழுந்து போவார். அப்படி நடந்து நடந்து எழுதியதெல்லாம் வேறு யாராவது ஒருவர் பேரில்தான் அச்சாகும். தலைவர்களின் வாரப் பத்தி, ஓணம் மலருக்கு மந்திரிகளின் சின்ன வயசு நினைவுகள், ஒரு எம்.எல்.ஏ.வின் சுயசரிதை முழுவதும். அந்த எம்.எல்.ஏ. வெளியீட்டு விழாவில் இவரிடமே ஒரு பிரதியைக் கொடுத்து, "அவசியம் படிங்க, நல்லா வந்திருக்கு" என்றார். அடுத்த மேஜைக்காரி நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வல்சேட்டன் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்.

எங்களூரில் பெரிய தலைவர் யாராவது கண்ணை மூடினால், மறுநாள் பேப்பரில் மற்ற தலைவர்களின் நினைவுக் கட்டுரைகள் ஒரு முழுப் பக்கம் வந்தாக வேண்டும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் உருகாமல் அந்தப் பக்கம் நிறையாது. உருக வேண்டியவர்களோ காரில் போய்க்கொண்டிருப்பார்கள். போனில் ரெண்டு வாக்கியம் சொல்வார்கள். மிச்சம் வல்சேட்டன் பாடு.

ஃபரோக் கூரை ஓட்டுக் கம்பெனித் தொழிலாளர்களின் தலைவர் உண்ணீரி ஒரு மத்தியானம் இறந்துபோனார். அவருக்கு எதிர்முகாமில் இருந்தவர் மந்திரி குரியன் வர்க்கி. வல்சேட்டன் போன் போட்டார்.

"வல்சா, அவருக்கும் எனக்கும் கொள்கையில ஆகாது. ஆனா பெரிய மனுஷன். ஈடு செய்ய முடியாத இழப்பு," என்றார் மந்திரி. "மிச்சத்த நீயே போட்டுக்கடா. படிச்சா அழுகை வர்ற மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கட்டும்."

மற்ற கட்டுரைகள் முடிந்துவிட்டன. மந்திரியுடையது மட்டும் நகரவில்லை. பக்கம் கட்டுகிறவர்கள் கத்த ஆரம்பித்தார்கள். வல்சேட்டன் வராந்தாவில் நடந்தார், தண்ணீர் குடித்தார், தலையைச் சொறிந்தார். பிறகு வந்து உட்கார்ந்து, ஒருதரம்கூட எழாமல் முழுவதையும் அடித்து முடித்தார். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் கேரளமே அதைப் படித்து மூக்கைச் சிந்தியது. மாணவர் போராட்டத்தில் அடிவாங்கி, சட்டை, இடுப்பில் கட்டிய முண்டெல்லாம் பிடுங்கப்பட்டு, ஸ்டேஷன் லாக்கப்பில் ஒரு பையன் மழையில் நனைந்த ஜட்டியோடு நடுங்கிக்கொண்டிருக்கிறான். அதே லாக்கப்பில் இருந்த உண்ணீரி தன் முண்டைக் குறுக்கே கிழித்துப் பாதியை அவனுக்குக் கொடுக்கிறார். "அழாதடா. போலீஸ்காரன் முன்னாடி அழுதா உன் கட்சிக்கும் கேவலம், என் கட்சிக்கும் கேவலம்" என்கிறார். அந்தப் பையன் நான்தான் என்று எழுதியிருந்தார் மந்திரி குரியன் வர்க்கி.

"பிரமாதம் வல்சேட்டா, எங்க புடிச்சீங்க இத?" என்று சாயாக்கடையில் கேட்டேன்.

கட்டஞ்சாயாவைக் கீழே வைத்துவிட்டு, "அது என்னோட முண்டு" என்றார்.

"உங்களோடதா?" என்றேன்.

"அழுகை வர்ற மாதிரி ஒண்ணு கேட்டான். எங்கிட்ட வேற சரக்கு இல்ல."

"நான்தான் அந்தப் பையன்னு சகாவு உண்ணீரிகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"அவரோட ஒவ்வொரு பிரஸ் மீட்டுக்கும் சொல்லலாம்னுதான் போவேன். சுத்திலும் ஆளுங்க. பத்திரிகைக்காரன் எதையோ எதிர்பார்த்துச் சொந்தம் கொண்டாடுறான்னு நெனச்சிட்டா? சரி, அடுத்த தடவைன்னு வந்துடுவேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. ஞாயிறு மலரைப் பார்க்கும் ஜிதினிடம் சண்டை போட்டு, வல்சேட்டன் பேரோடு ஒரு கட்டுரைக்கு இடம் வாங்கினேன். அவர் பேரில் வரப்போகும் முதல் எழுத்து. எழுதிக் கொடுத்தார். ஜிதின் படித்துவிட்டு, "சேட்டா, இது மந்திரி கதையாச்சே! ஒரே முண்ட அந்த மனுஷன் எத்தன பேருக்குத்தான் கிழிச்சுக் குடுத்தாரு?" என்று சிரித்தான்.

உண்மையை நான் கொட்டினேன். அவன் சிரிப்பு நின்றது. "சகாவோட சம்சாரம் ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். மந்திரி கட்டுரைக்குத் திருத்தமும் போடுறேன், இதையும் போடுறேன்" என்றான். நல்ல பையன்தான்.

இரங்கல் கூட்டத்துக்கு இருவரும் போனோம். பஸ்ஸில் வல்சேட்டன் என்னை நாலு தடவை இறங்கிவிடலாமா என்று கேட்டார். மேடையில் குரியன் வர்க்கி முண்டுக் கதையைச் சொல்லி நிஜமாகவே அழுதார். தேம்பித் தேம்பி அழுதார். கதை தன்னுடையதில்லை என்பதே அவருக்கு மறந்திருக்க வேண்டும்.

அவர் இறங்கியதும் உண்ணீரியின் சம்சாரம் சிருதேயியம்மா எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் புள்ள நீங்கதானா? பாதி முண்டோட வீட்டுக்கு வந்தாரு அவரு. பேரு கேக்க மறந்துட்டேனேன்னு சாகுறவரைக்கும் சொன்னாரு. அந்தப் புள்ள படிச்சானா, சோத்துக்கு என்ன பண்றானோன்னு மழை பெய்ஞ்சா கேப்பாரு. நீங்க மந்திரியா ஆயிருக்கீங்க! இது தெரியாமப் போயிட்டாரே மனுஷன்."

மந்திரியின் முகத்தில் ரத்தமில்லை. "ஆமாம்மா" என்று மட்டும் சொன்னார்.

நான் வல்சேட்டனின் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "இப்ப சொல்லுங்க. இப்ப விட்டா எப்பவும் இல்ல."

அம்மா திரும்பிப் பார்த்தார். அழுத கண்ணில் அப்படியொரு நிம்மதி. "நீங்க யாரு மோனே?"

வல்சேட்டன் கும்பிட்டார்.

"பத்திரிகையிலேர்ந்து வர்றோம்மா."

"அப்ப எழுதுங்க. அவரு தேடின புள்ள நல்லா இருக்கான்னு எழுதுங்க."

"எழுதுறேன்மா."

மந்திரிக்குப் போன உயிர் திரும்பியது. வல்சேட்டன் தோளில் கையைப் போட்டு, "நம்ம வல்சன்தாம்மா," என்றார். "எழுதச் சொன்னா அப்படியே எழுதிடுவான்."