நண்பனுக்கு எட்டரை

அந்தப் புத்தகத்தை என் நண்பன் ஒரு தலையணை உறைக்குள் சுற்றிக் கொண்டுவந்தான். எங்கள் வீட்டு மேசையில் வைத்து உறையை மெதுவாக உருவினான். கண்ணாடி போலத் தெளிந்த தடித்த பிளாஸ்டிக் சட்டம். அதற்குள் ஒரு பழைய அமெரிக்கக் கொமிக்ஸ் புத்தகம். மேலே ஒட்டியிருந்த துண்டில் எட்டரை என்று ஒரு நம்பர்.

"பத்துக்கு எட்டரை, மச்சான்," என்றான். "மருமகன் கனடாவில ஈந்து அமெரிக்காவுக்கு அனுப்பி எடுத்துத் தந்தான். அங்க ஒரு கம்பனி ஈக்கி. லென்ஸ் வச்சிப் பார்த்து மார்க்ஸ் போட்டு சீல் பண்ணித் தாராங்க. இனி யாருக்கும் திறக்கேலா."

"நல்லது," என்றேன். சொன்ன விதம் எனக்கே பிடிக்கவில்லை. மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள். நான் என் கோப்பையைப் புத்தகத்துக்கு மிக அருகில் வைத்தேன். அவன் அதைத் தள்ளி வைத்தான்.

அதே இதழ் என்னிடமும் இருந்தது.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட காலத்தில், தெல்தெனியப் பக்கத்துத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஒருவர் குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். பங்களாச் சாமான்களில் விலைபோகாதவை கட்டுகஸ்தோட்டைப் பழைய பேப்பர் கடைக்கு வந்தன. அங்கேதான் நாங்கள் இருவரும் அந்தத் தகரப் பெட்டியைப் பார்த்தோம். எனக்கும் அவனுக்கும் பதினேழு வயது, ஒரே வகுப்பு. துரைக்கு இரண்டு மகன்கள் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் பல இதழ்களில் இரண்டிரண்டு பிரதிகள் இருந்தன. ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டோம். பிற்காலத்தில் உலகமெங்கும் தேடப்பட்ட ஒரு முகமூடி வீரன் முதல் தடவையாக வரும் இதழும் அதில் ஒன்று. அப்போது அது எங்களுக்குத் தெரியாது.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தமிழர் வீடுகளைத் தேடி எங்கள் தெருவுக்கு ஆட்கள் வந்தபோது, நான் என் கொமிக்ஸ் பெட்டியைப் பின்மதிலுக்கு மேலால் அவனிடம் நீட்டினேன். அவர்கள் முஸ்லிம்கள்; புடைவைக்கடையும் வீடும் மதிலுக்கு அந்தப் பக்கம். முதலில் கைக்குழந்தையைக் கொடுத்தேன், பிறகு மனைவியை ஏற்றிவிட்டேன், கடைசியாகப் பெட்டி. ஒருநாள் அவர்கள் வீட்டில் இருந்தோம். அடுத்த நாள் அகதி முகாமாக மாறியிருந்த ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். எங்கள் வீட்டில் கதிரை, அலுமாரி எதுவும் மிஞ்சவில்லை. நான்கு மாதம் கழித்துத் திரும்பியபோது அவன் பெட்டியை அப்படியே தந்தான்.

ஆகவே அவனைப் பார்த்துப் பொறாமைப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அன்று அவன் போனதும், தபால் முத்திரை பார்க்கும் லென்ஸை எடுத்துக்கொண்டு என் பிரதியோடு யன்னலருகே உட்கார்ந்தேன்.

முதுகில் வெள்ளைக் கோடுகளாக ஏழெட்டு வெடிப்புகள். கம்பிப் பின் துருப்பிடித்து, கடுதாசியில் பழுப்பு இறங்கியிருந்தது. எல்லாவற்றிலும் மோசமானது கீழ்மூலையில் இருந்த நீர்க்கறை. உள்ளங்கை அளவு. வெடிப்புகள் என் வேலை, துரு காலத்தின் வேலை. அந்தப் புத்தகத்தை நான் நூறு தடவையாவது வாசித்திருப்பேன். ஆனால் நீர்க்கறை எப்படி வந்தது? எனக்கு ஞாபகமே இல்லை. கலவரத்துக்கு முன் அது இருந்ததா?

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. நான்கு மாதம் இரண்டு பிரதிகளும் அவன் கையில் இருந்தன. மாற்றி வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும்.

மனைவியிடம் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு முகம் சுட்டது.

"என்னங்க பேசுறீங்க? நம்ம பிள்ளைய மதிலுக்கு மேல வாங்குன கை அது."

"அது வேற, இது வேற."

"உங்களுக்கு அந்த நம்பரு பொறுக்கல. அவ்வளவுதான்."

உண்மைதான். அடுத்த ஒரு மாதம் அந்த நம்பரோடுதான் நான் வாழ்ந்தேன். பாடசாலையில் விடைத்தாள் திருத்தும்போதுகூட, அமெரிக்காவில் யாரோ ஒருவர் என் புத்தகத்தைத் திருத்திக்கொண்டிருப்பதாகத் தோன்றியது. அனுப்பலாமா, வேண்டாமா? கொழும்பில் ஒரு பல்வைத்தியர் இந்த இதழைத் தேடுகிறார் என்று நண்பன்தான் சொல்லியிருந்தான். நம்பர் போட்ட பிரதிக்கு அவர் பல மடங்கு கொடுப்பாராம். ஆனால் இந்த யுத்த காலத்தில் பார்சலைத் தபாலில் போட்டால் பாதுகாப்பு என்று எத்தனை இடத்தில் பிரிப்பார்களோ! அதைவிடப் பெரிய பயம் வேறு. மூன்று என்று வந்துவிட்டால்? திறக்க முடியாத சட்டத்துக்குள் என்றைக்கும் மூன்றாகவே கிடக்கும். நம்பர் இல்லாதவரை என் புத்தகம் எட்டாகவும் இருக்கலாம், ஒன்பதாகவும் இருக்கலாம். ஒருநாள் நீலப் பேனையால் முதுகு வெடிப்புகளுக்கு வர்ணம் பூசக்கூடப் போனேன். பிறகு பேனையை மூடி வைத்தேன்.

கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுவதென்று புறப்பட்டேன். அவன் அப்போது கெலிஓயாவில் குடியிருந்தான். புத்தகத்தை இரண்டு மட்டைகளுக்கு நடுவில் வைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கண்டி நகரத்துக்குள் நுழையுமுன் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் என் தமிழ்ப் பெயரை வாசித்த இராணுவச் சிப்பாய் பையைத் திறக்கச் சொன்னான். மட்டைகளைப் பிரித்தவன் முகத்தில் சிரிப்பு வந்தது.

"சித்திரகதா!" என்றான் சிங்களத்தில், பக்கத்தில் நின்றவனிடம்.

புத்தகத்தைப் பின்பக்கமாக மடித்து ஒரு கையில் பிடித்துக்கொண்டு, பெருவிரலால் பக்கங்களைத் தள்ளினான். முதுகு வெடித்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு புத்தகத்துக்காகச் சண்டை பிடிக்கும் இடமில்லை அது. இரண்டு பக்கம் பார்த்துவிட்டு, மரியாதையாகவே திருப்பித் தந்தான்.

அட்டையின் நடுவில் புதிதாக ஒரு மடிப்பு. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபோது எனக்கு வந்த முதல் எண்ணத்தை வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். நிம்மதி. இனி எந்த நம்பர் வந்தாலும் யுத்தத்தின் மீது பழி போடலாம்.

ஆனால் நீர்க்கறை மீதி இருந்தது. நண்பன் வீட்டு முன்னறையில் இரண்டு பிரதிகளையும் பக்கத்தில் வைத்தோம். அவனுடையது நேற்று அச்சடித்தது போல இருந்தது. என்னுடையது காய்ச்சல்காரனைப் போலப் படுத்திருந்தது. நான் கேட்டே விட்டேன்.

"மச்சான், அந்த நாலு மாசத்துல ரெண்டும் மாறிப்போச்சா?"

அவன் புரிந்துகொள்ளச் சிறிது நேரம் எடுத்தது. புரிந்ததும் முகம் கறுத்தது.

"மாத்தினேனா எண்டா கேக்கிற?"

நான் தலையை ஆட்டினேன்.

"மாத்தல்ல. அல்லா மேல ஆணை. நான் என்டத ஒரு நாளும் வாசிச்சில்ல. வாப்பா கண்டா எரிச்சிருவாரு எண்டு புடைவைக் கட்டுக்கு நடுவுல ஒளிச்சி வச்சிருந்தேன். அப்பிடியே கெடந்த." நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஆனா அந்தத் தண்ணி என்ட குத்தம்தான்."

"எந்தத் தண்ணி?"

"நீங்க முகாமுக்குப் போன பொறகு ரெண்டு தரம் ஆக்கள் வந்தாங்க. தமிழாக்கள்ட சாமான் ஈக்கா எண்டு கேட்டாங்க. நான் பயந்துட்டேன். ஒன்ட பெட்டிய விறகுக் கொட்டிலுக்குக் கொண்டுபோய்ப் போட்டேன். என்டது உள்ளுக்கு ஈந்திச்சி. ஒன்டது வெளியில. மழ வந்திச்சி. ரெண்டு நாள் கழிச்சித்தான் பார்த்தேன். வெயில்ல காய வச்சேன். ஒனக்குச் சொல்ல வாய் வரல்ல."

இருபத்துநான்கு வருடம் அவன் அதை வைத்துக்கொண்டு இருந்திருக்கிறான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மதிலின் அந்தப் பக்கத்தில் நானாக இருந்திருந்தால் பெட்டியை அடுப்பில் போட்டிருப்பேனோ என்னவோ.

"ரெண்டையும் ஒண்டா விப்போம்," என்றான். "வாறதப் பாதிப் பாதியா எடுப்போம்."

"வேணாம்."

அந்தப் பாதியை வாங்கினால் என் புத்தகத்துக்கு அவன் நம்பர் போட்டதாக ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது. அவனுக்கு அது விளங்கியது என்று நினைக்கிறேன், வற்புறுத்தவில்லை. பகல் சாப்பாடு சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

பல்வைத்தியர் அடுத்த மாதம் கண்டிக்கு வந்தார். முதலில் அவனுடைய சட்டத்தை வாங்கிக்கொண்டு, பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார். என் பிரதியின் பக்கங்களை விரல் நுனியால் திருப்பினார்.

"ஏன் மாஸ்டர், நீங்க கிரேட் பண்ண அனுப்பேல்லை?" என்று கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர்.

"என்ன நம்பர் வரும்னு எனக்கே தெரியுங்க," என்றேன். நீர்க்கறையையும் துருவையும் சிப்பாய் போட்ட மடிப்பையும் ஒவ்வொன்றாக நானே காட்டினேன். அவர் சிரித்துவிட்டு ஒரு விலை சொன்னார். பேரம் பேசாமல் கொடுத்துவிட்டேன்.

அவர் போன பிறகு மனைவியிடம் பணத்தை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"உங்க கூட்டாளிக்கு எவ்வளவு கெடச்சிச்சாம்?"

சொன்னேன். எங்களுக்குக் கிடைத்ததைவிடப் பல மடங்கு. அவள் பணத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். அன்று பகல் சோறு போடும்போது கரண்டி சட்டியில் வழக்கத்தைவிடப் பலமாக இடித்தது.