பிலிம் இல்லாத சிரிப்பு

போன வாரம் ராஜபாளையத்தில் இறந்துபோனேன். காலை பதினோரு மணி. நல்ல வெயில்.

சினிமாவில் இது எனக்கு ஆறாவது சாவு. பத்திரிகை நிருபராக இருந்தபோது எழுதிய மரணச் செய்திகள் தனி. கிளம்பும்போதே மனைவியிடம் சொல்லியிருந்தேன் — இதுதான் கடைசி. அப்பா வேஷம் என்றாலே மூன்றாவது ரீலில் மாலை போட்டுவிடுகிறார்கள். இனி முடிவுவரை உயிரோடு இருக்கிற வேஷம்தான். சின்னதாக இருந்தாலும் சரி.

படப்பிடிப்புக்கு ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வீட்டுக்காரம்மா பேச்சியம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். கூடத்தில் என்னைக் கிடத்தி, மூக்கில் பஞ்சு வைத்து, லைட்டெல்லாம் சரிபார்த்து முடித்த பிறகு கதவோரத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"தலை தெக்க இருக்கணும்ல. கிழக்க கிடத்தியிருக்கீக."

டைரக்டர் தலையைச் சொறிந்தார். லைட்டை மாற்ற அரை மணி நேரம் ஆனது.

"எங்க வீட்டுக்காரவுகளையும் இங்கனதான் கிடத்துனோம். போன ஆடியில" என்றார் பேச்சியம்மாள்.

அதன் பிறகு மூச்சை அடக்குவது எனக்குச் சிரமமாக இருந்தது.

ஷாட் ஓகே. சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தோஷம் கழியுமாம். பஞ்சை எடுத்துவிட்டு எழுந்து உட்கார்ந்தேன். சிரித்தேன்.

பேச்சியம்மாள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்க் காப்பியோடு வந்தார்.

"அங்கனயே உக்காந்து குடிங்க."

குடித்தேன்.

"படம் நம்ம ஊருக்கு வருமா?"

"வரும்மா."

"நீங்க எந்திரிச்சுச் சிரிச்சது அதுல இருக்குமா?"

எப்படி இருக்கும்? பிலிம் விற்கிற விலையில், அதைக் கழற்றிவிட்டு வெறும் கேமராவைத்தான் ஓட்டினார்கள்.

"இல்லம்மா. அது சும்மா."

"அப்ப, செத்தது மட்டுந்தான் வருமா?"

நிருபராக எத்தனையோ வீடுகளில் கேள்வி கேட்டிருக்கிறேன். பதில் சொல்லிப் பழக்கமில்லை. தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா... எனக்கே தெரியவில்லை. அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிறகு வெளியே வரவில்லை.

மத்தியானம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அடுத்த சீன். வேனில் புரொடக்‌ஷன் மேனேஜர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"டைரக்டரோட அடுத்த படத்துலயும் அப்பா நீங்கதான் சார். அதுல கொஞ்சம் சீக்கிரமே செத்துப் போயிடுவீங்க. சரின்னு சொல்லிடவா?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேஷம் தேர்ந்தெடுக்க நான் வைத்திருந்த ஒரே விதி அது. ஒரு டம்ளர் காப்பியில் கரைந்துவிட்டதா? மனைவிக்கு என்ன சொல்வது? அந்தக் கூடத்தில், அந்த இடத்தில், நான் எழுந்து உட்கார்ந்தது அந்த அம்மாவுக்கு ஆறுதலா... கொடுமையா?

"சிரிக்கிற ஷாட்டுக்கு பிலிம் போடுவீங்களா?" என்று கேட்டேன்.

மேனேஜர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.