ஒரு பல் வலிக்கு நான்கு பல்

இன்று கியூர்பிப் நகரத்திலிருந்து எங்கள் ஊர் செமின் கிரனியேவுக்குத் திரும்பும் பஸ்ஸில், கரும்பு வெட்டும் முத்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். வாயில் ரத்தம் ஊறிய துணி. கையிலிருந்த காகிதத்தைப் பிரித்துக் காட்டினான். நான்கு பற்கள்.

"எத்தனை வலிச்சுது?"

"ஒண்ணுதான், முஸ்யே. மத்ததும் ஒருநாள் வலிக்கும்ல? கரும்பு வெட்டு முடியிறவரைக்கும் எங்க தோட்டத்து மேஸ்திரி, அந்த சர்தார், இன்னொரு லீவு தரமாட்டாரு. அதான் சேர்த்தே பிடுங்கச் சொல்லிட்டேன்."

அரசு ஆஸ்பத்திரியில் பல்லுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அதுதான். டாக்டரும் மறுபேச்சில்லாமல் பிடுங்கியிருக்கிறார்.

முன் இருக்கையிலிருந்து ஆஸ்பத்திரிக் கமிட்டி உறுப்பினர் திரும்பினார். கார் பழுதாம், அதனால் எங்களோடு பஸ்ஸில். பள்ளியில் என் கணக்கைப் பார்த்து எழுதித் தேறியவர். தனியார் டாக்டரிடம் தங்கத்தால் அடைத்துக்கொண்ட பல் மின்னியது.

"கெட்டிக்காரன்டா நீ! எல்லாரும் இப்படி இருந்தா ஆஸ்பத்திரியில கூட்டமே இருக்காது. சுதந்திரம் வரட்டும், எல்லாத்தையும் சரி பண்ணிடுவோம்."

முத்து சந்தோஷமாகத் தலையாட்டினான். மருத்துவமே கிடைக்காதவனைப் பாராட்டிவிட்டால் அதற்குப் பெயர் நிர்வாகம்.

சுதந்திரம் வரட்டும். அன்று இனிப்புக் கொடுப்பார்களாம். மெல்லுவதற்குப் பல் மிச்சமிருப்பவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள். பட்டியல் நீளாது.