குமரவேல் எடை போட்டு எடுத்த கார்

பண்டசோழநல்லூர் குமரவேலுக்கு நெல்லும் கரும்பும் போடுகிற நிலம் இருக்கிறது, சொந்த டிராக்டர் இருக்கிறது, நல்ல பசி இருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதனுக்கு இது போதும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். போதாது, பந்தயக் கார் ஒன்று குறைகிறது என்று அவனுடைய செல்போன் அவனுக்குச் சொல்லிவிட்டது. வெளிநாட்டில் யார் யாரோ பழைய சின்னக் காரை வாங்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பிடுங்கி எறிந்து, இரும்புக் குழாயில் கூண்டு கட்டி, டிராக்கில் ஓட்டுகிற வீடியோக்களை இரண்டு வருடமாகப் பார்த்தான். கடைசியில் ஒரு பாடம் அவனுக்கு மனப்பாடமானது. எஞ்சின் பெரிதா சிறிதா என்பது முக்கியமில்லை, வண்டி லேசாக இருக்க வேண்டும். லேசான வண்டி சட்டென்று கிளம்பும், சட்டென்று நிற்கும், வளைவில் சொன்னபடி திரும்பும். இதை அவன் டீக்கடையில் விளக்கும்போதெல்லாம் நாங்களும் கேட்டுக்கொண்டோம். டீ அவன் கணக்கு.

சென்னைக்குப் போகிற வழியில் ஒரு ரேஸ் டிராக் இருக்கிறது. சில நாட்களில் யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிச் சொந்த வண்டியை அங்கே ஓட்டலாம். கரும்பு வெட்டு முடிந்ததும் போவது என்று குமரவேல் முடிவெடுத்தான். முடிவைப் பெண்டாட்டி இளவரசியிடம் சொல்லும்போது, கூண்டு கட்டிய கார் எவ்வளவு பத்திரமானது என்று புரியவைப்பதற்காக, கார்கள் குட்டிக்கரணம் அடிக்கிற வீடியோக்களை ஒன்றுவிடாமல் போட்டுக் காட்டினான். பெண்டாட்டியைச் சம்மதிக்க வைக்க இதைவிடச் சிறந்த யோசனை உலகத்தில் எவனுக்கும் தோன்றியிருக்காது.

இளவரசி சத்தம் போடவில்லை. அவள் அவனுக்கு அத்தை மகள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வேண்டாம் என்றால் ஒளித்துச் செய்வான் என்று தெரியும்.

"ஒரே ஒரு வண்டி மாமா. நீயே பாத்து எடு. அது சரியில்லன்னு ஆச்சுன்னா, இன்னொண்ணுன்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது. அத்தோட வுட்டுடணும்."

குமரவேல் உடனே அவள் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தான். அதை அவன் அனுமதி என்று நினைத்தான். அவள் அதைத் தடை என்று நினைத்துத்தான் சொன்னாள். அவன் பொருள் வாங்குகிற லட்சணம் அவளுக்குத் தெரியாதா? கொம்பு அழகாக இருக்கிறது என்று ஒரு பசுவைப் பிடித்துவந்தான். அந்தப் பசு கொம்பைத் தவிர வேறு எதையும் இந்தக் குடும்பத்துக்குக் காட்டவில்லை. காரையும் வழக்கம்போலத் தப்பாக எடுக்கட்டும், அதோடு ஆசை அடங்கட்டும், மனிதன் முழுசாக வீட்டில் இருக்கட்டும். அவள் வேண்டுதல் அவ்வளவுதான்.

தேடி அலசிக் கடைசியில் இரண்டு வண்டிகளில் குமரவேல் வந்து நின்றான். ஒன்று, பூரணாங்குப்பம் ஆண்டனி வைத்திருந்த ரெட்டை சீட்டு ஸ்போர்ட்ஸ் கார். கண்ணாடியிழை உடம்பு, துணிக் கூரை, அவர் அதைப் பிள்ளை மாதிரி துடைத்து வைத்திருந்தார். இன்னொன்று, பிள்ளைச்சாவடியில் கடலைப் பார்த்து வருடக்கணக்காக நின்ற ரெட்டைக் கதவுச் சின்னக் கார். ஒரு காலத்தில் அதுவும் வேகத்துக்குப் பேர்போனதுதான். உப்புக்காற்று அதன் அடித்தகட்டை அப்பளமாக்கியிருந்தது.

கண் உள்ள எவனும் ஆண்டனியின் காரை எடுத்திருப்பான். ஆனால் குமரவேல் கரும்புக்காரன். அடுத்தவன் சொன்ன எடையை நம்புகிற வழக்கம் அவன் பரம்பரையில் இல்லை. கம்பெனி சொல்கிற எடை செல்போனிலேயே இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தோம். கம்பெனிக்காரன் மாமனா மச்சானா என்று கேட்டான். ஒரு காலைவேளையில் இரண்டு வண்டிகளையும் வரச்சொல்லி, வில்லியனூர் ரோட்டில் கரும்பு லோடு எடை போடுகிற எடைமேடைக்கே கொண்டுபோனான்.

முதலில் ஆண்டனியின் காரைத் தானே மேடையில் ஏற்றினான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உள்ளேயே உட்கார்ந்து, எடையைச் சத்தமாகச் சொல்லச் சொன்னான். சன்னலுக்குப் பின்னால் இருந்த தையலம்மாள் சொன்னார். அடுத்து பிள்ளைச்சாவடி வண்டியை ஏற்றினான். இறங்கி, மேடைக்கு வெளியே ஒதுங்கி நின்று, கைகட்டிக்கொண்டு கேட்டான். தையலம்மாள் அதையும் சொன்னார். இரண்டாவது வண்டி ஐம்பது கிலோவுக்கு மேல் குறைவு.

குமரவேல் முகத்தைப் பார்க்க வேண்டுமே. துருப்பிடித்ததைச் சுட்டிக்காட்டியவர்களிடம், துரு தின்றதும் எடைக்குறைப்புதான், வெள்ளைக்காரன் இதைச் செய்ய மெஷின் வைத்து ஓட்டை போடுகிறான் என்று பாடம் எடுத்தான். பிள்ளைச்சாவடி வண்டியை வாங்கிவிட்டான். ஆண்டனி தன் காரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார். அடுத்த வாரம் பாகூர் நவீன்குமார் அதை எடுத்துக்கொண்டான்.

வண்டி வில்லியனூரில் சார்லஸின் வெல்டிங் பட்டறைக்குப் போனது. பின் சீட்டு, தரைவிரிப்பு, ஏசி, கதவுப் பலகை என்று எல்லாவற்றையும் குமரவேல் கழற்றி எறிந்தான். முன்னால் கட்டியிருந்த திருஷ்டிப் பொம்மையை மட்டும் தொடவில்லை. கூண்டை எதில் வைத்து வெல்டிங் அடிப்பது என்று சார்லஸ் கேட்டான். நியாயமான கேள்விதான், தகடு இருந்தால்தானே? அடியில் புதுத் தகடு வெட்டி ஒட்டி, அதன்மேல் கூண்டை நிறுத்தினான்.

எல்லாம் முடிந்ததும் குமரவேல் பெருமையாக எடைமேடைக்குப் போனான். சார்லஸும் கூட வந்தான். வண்டியை ஏற்றி, உள்ளே உட்கார்ந்தபடியே கேட்டான். தையலம்மாள் சொன்ன எண் ஆண்டனி காரின் எண்ணை எங்கோ தாண்டிப் போயிருந்தது.

குமரவேல் பாய்ந்தது சார்லஸ் மேல். கூண்டு கட்டச் சொன்னால் லாரி கட்டிவிட்டாயா என்று ஆரம்பித்து வாய்க்கு வந்ததெல்லாம் பேசினான். கழற்றிப் போட்ட சாமானுக்கும் ஏற்றிய இரும்புக்கும் சரியாகப் போயிருக்கும், அதற்குமேல் தன் கணக்கு இல்லை என்று சார்லஸ் திரும்பத் திரும்பச் சொன்னான். அவனுக்கும் கோபம் வந்துவிட்டது. அப்போது தையலம்மாள் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"அந்தப் புள்ளய இன்னாத்துக்குத் திட்டற தம்பி? அன்னிக்கு இந்த வண்டிய போடறப்போ நீ எறங்கி நின்ன. இன்னிக்கு உள்ள குந்திகினு கீற."

கரும்பு ஏற்றின வண்டியை எடை போடும்போது எங்கள் ஆட்கள் சீட்டை விட்டு அசைய மாட்டார்கள். கரும்பை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மறுபடி ஏற்றும்போது தவறாமல் இறங்கிவிடுவார்கள். நடுவில் ஓர் ஆள் கனம் கரும்புக் கணக்கில் சேர்ந்துவிடும். எங்கள் பக்கம் இதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை, காலாற இறங்கி நிற்பது என்று சொல்வோம். முதல் எடைக்கு உட்காருவது, இரண்டாவது எடைக்கு இறங்குவது. குமரவேலுக்கு இது மூச்சுவிடுவது மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்கும் அப்படியே செய்து, தன்னையே ஏமாற்றிக்கொண்டான். குமரவேல் என்றால் சும்மா இல்லை, நூறு கிலோவை நெருங்கிய சரீரம். அதைக் கழித்துப் பார்த்தால் ஆண்டனியின் கார்தான் லேசு. முன்பே சொல்லியிருக்கக் கூடாதா என்று தையலம்மாளிடம் கேட்டதற்கு, கரும்புக்காரர் வேண்டும் என்றுதான் இறங்குகிறார் என்று நினைத்தேன், எல்லாரும் அப்படித்தானே என்றார்.

சேதி அவனுக்கு முன்னால் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இளவரசிக்குச் சந்தோஷத்தை மறைக்க முடியவில்லை. வஞ்சிரம் வாங்கிக் குழம்பு வைத்தாள். இன்னொரு வண்டி என்று அவன் வாயைத் திறந்ததும் சத்தியத்தை எடுத்துப் போடலாம் என்று காத்திருந்தாள். குமரவேல் வந்தான், கால் கழுவினான், உட்கார்ந்து சாப்பிட்டான். இன்னொரு வண்டியைப் பற்றிப் பேசவே இல்லை. அவளுக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது. தட்டு காலியானதும் வழக்கம்போலச் சோற்றை அள்ளிக்கொண்டு வந்தாள். அவன் தட்டின் மேல் கையை வைத்து மூடினான்.

"இன்னா மாமா, ஒடம்பு சரியில்லியா?"

"வண்டில கழட்டறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல இளவரசி. நாந்தான் பாக்கி."

குமரவேல் ஒரு தட்டோடு எழுந்து அவள் பார்த்ததே இல்லை. அவனுக்குக் காய்ச்சலடித்த நாட்களிலும் இரண்டாவது தட்டு உண்டு. சட்டி நிறைய வஞ்சிரம் இருக்க, அவன் எழுந்து கை கழுவப் போனான். வண்டி சரியில்லை என்றே அவன் சொல்லவில்லை, சத்தியத்தில் ஒரு வார்த்தையையும் மீறவில்லை, ஆனால் டிராக்குக்குப் போகத்தான் போகிறான். அது அவளுக்கு உறைத்தது. அள்ளிய சோற்றைப் பானையிலேயே போட்டாள்.

"எந்தக் கெழமன்னு முன்னாடியே சொல்லிடு. நானும் வருவேன்."