பிறேக் மிதி இறங்கிய பிறகு வாங்கிய புத்தகம்

நெடுங்கேணிக்குப் போகும் காட்டோர வீதியில், ஒரு வளைவுக்குச் சற்று முன்னால், என் காரின் பிறேக் மிதி ஒரு தடையும் இல்லாமல் அடிவரைக்கும் இறங்கிவிட்டது. முன்னால் ஓர் உழவு இயந்திரம் போய்க்கொண்டிருந்தது. பெட்டியில் நெல் மூட்டைகள்; அவற்றின்மேல் இரண்டு பெண்கள் காலைத் தொங்கப் போட்டபடி இருந்தார்கள். மிதியைத் திரும்பத் திரும்ப மிதித்தேன். கைப்பிறேக்கை இழுத்தேன். கார் ஒரு பக்கமாக இழுபட்டுப் புல்லுக்குள் ஏறி நின்றது. பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தாள். நான் அவளைக் கொல்லப் பார்த்தது அவளுக்குத் தெரியாது.

அந்தக் காரை என் கணவருக்காகத்தான் வாங்கினோம். போர் முடிந்து மீள்குடியேறிய முதல் வருடம் எங்கள் வீட்டு வளவைத் துப்புரவாக்கும்போது, புதைந்திருந்த மிதிவெடி வெடித்ததில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. பஸ் படி ஏறுவது அவருக்குப் பெரும்பாடு. நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். முப்பத்தெட்டு வயதில் கார் ஓட்டப் பழகினேன்.

கராஜில், பிறேக் ஒயில் குறைந்துவிட்டது என்று சொல்லி விட்டுத் தந்தார்கள். “இனிப் பயமில்லை ரீச்சர், ஓடுங்கோ.” இரண்டு கிழமையில் ஒயில் மறுபடி குறைந்திருந்தது. திரும்பப் போனேன். “பழைய கார் எண்டால் அப்பிடித்தான்” என்று சொல்லி மறுபடியும் ஒயில் விட்டார்கள்.

“வேற கராஜுக்குக் கொண்டு போவம்” என்றார் கணவர்.

“அங்கயும் ஒயில்தான் விடுவினம். அது எங்க போகுதெண்டு எனக்குத் தெரியவேணும்.”

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறி வவுனியாவுக்குப் போனேன். புத்தகக் கடைக்காரர் பரீட்சை வழிகாட்டிகளுக்குப் பின்னாலிருந்து கார் திருத்தும் புத்தகங்கள் மூன்றைத் தேடி எடுத்து வைத்தார். மூன்றிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: ஒயில் குறைகிறது, எங்கே போகிறது?

முதலாவது பளபளப்பான புத்தகம். உலகத்துக் கார்கள் எல்லாவற்றுக்கும் ஆனது. பிறேக்குக்கு அரைப் பக்கம் ஒதுக்கி, தெரிந்தவரிடம் காட்டுங்கள் என்று முடித்திருந்தது. இரண்டாவது தமிழில் இருந்தது. பிறேக் எப்படி வேலை செய்கிறது என்று அழகாக விளங்கப்படுத்தியிருந்தது. ஆனால் அட்டையில் ‘பயம் வேண்டாம், எல்லாம் சுலபம்’ என்று அச்சடித்திருந்தார்கள். கராஜில் கேட்ட அதே குரல். மூடி வைத்துவிட்டேன்.

மூன்றாவது போட்டோகொப்பி எடுத்துக் கட்டியது. பக்கங்களில் கறுப்பு விரலடையாளங்கள்.

“அது ஆரோ கராஜ்காரர் வித்தது ரீச்சர். முழுக்க இங்கிலிஷ். பக்கங்களும் குறையுதோ தெரியாது.”

கடையில் நின்றபடியே பக்கங்களை எண்ணினேன். வேறோர் அத்தியாயத்தில் இரண்டு பக்கங்கள் இல்லை. பிறேக் அத்தியாயம் முழுதாக இருந்தது. நான் கடதாசியில் எழுதிக்கொண்டு வந்த எங்கள் காரின் என்ஜின் வகை இலக்கமும் முதல் பக்கத்தில் இருந்ததும் ஒன்றுதான். பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு, இதைச் செய்யாதே, இதை உறுதிப்படுத்தாமல் வீதிக்கு எடுக்காதே என்று எழுதியிருந்தது. என்னைப்போலவே பயந்த ஒருவர்தான் அதை எழுதியிருக்கவேண்டும். அதையே வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முன்சில்லுகளுக்குக் கல் வைத்து, பின்பக்கத்தை உயர்த்தி, இரவல் வாங்கிய இரும்புத் தாங்கிகளில் நிறுத்தினேன். பின்சில்லைக் கழற்றியபோது, பிறேக்கை மூடியிருந்த இரும்பு மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. சுற்றிவர மெதுவாகத் தட்டச் சொன்னது புத்தகம். துருப்பிடித்த இரும்பைத் தட்டுவது எங்கள் வளவில் இலேசான காரியம் அல்ல. கதிரையில் இருந்த கணவரின் முகம் வெளிறிப்போனது.

“நீங்கள் உள்ளுக்குப் போங்கோ” என்றேன்.

“இல்லை, இருக்கிறன். எத்தினை தரம் தட்டவேணும்?”

“அது புத்தகத்தில இல்லை.”

ஒவ்வொரு தட்டுக்கும் கண்ணை மூடினேன். எனக்குத் தெரிந்த இரும்புதான், காரின் இரும்புதான் என்று சொல்லிக்கொண்டாலும் கை கேட்கவில்லை. கடைசியில் மூடி கழன்று வந்தது. உள்ளே எல்லாம் நனைந்திருந்தது. சில்லுக்குள் இருந்த சின்னச் சிலிண்டர் கசிந்துகொண்டிருந்தது. இரண்டு தரமும் கராஜில் ஒருவரும் அதைத் திறந்து பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு புதிய சிலிண்டரையும் பிறேக் கட்டைகளையும் பூட்டினேன். குழாய்களுக்குள் புகுந்த காற்றை எடுக்க இருவர் வேண்டும். கணவர் சாரதி ஆசனத்தில் ஏறி வலது காலை மிதியில் வைத்தார்.

“அமத்துங்கோ. விடாதேங்கோ!”

“விடேல்லை.”

சில்லுப் பக்கத்தில் நான் மாட்டியிருந்த, உள்ளே தெரியும் சின்னக் குழாய் வழியே குமிழிகள் வந்தன. புத்தகம் சொன்ன ஒழுங்கில் நான்கு சில்லுகளிலும் குமிழி நிற்கும்வரை செய்தோம். “இப்ப கல்லு மாதிரி இருக்கு” என்றார்.

பரீட்சித்துப் பார்க்க நான் தனியேதான் ஓட்டுவேன் என்றேன். அவர் இறங்க மறுத்து, பக்கத்து ஆசனத்துக்கு மாறி இருந்துகொண்டார். வளவுக்குள் நடக்கும் வேகத்தில் ஓட்டி நிறுத்தினேன். பத்துத் தரம், இருபது தரம். ஒவ்வொரு தரமும் கார் நின்றது.

அந்தக் கிழமை முழுவதும் ஒயில் மட்டம் குறையவில்லை. பிறகுதான் செயற்கைக் காலைச் சரிபார்க்க அவரை வவுனியாவுக்குக் கூட்டிப்போனேன். புளியங்குளம் தாண்டும்போதே அவர் நித்திரையாகிவிட்டார். நான் ஒவ்வொரு வளைவுக்கும் வெகு தூரத்திலேயே காலை மிதியில் வைத்தேன். பின்னால் வந்தவர்கள் ஹோர்ன் அடித்து முந்திப்போனார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியதும் அவர் கண்விழித்தார்.

“வந்திட்டமோ?”

“ஓம்” என்றேன். ஸ்ரியரிங்கிலிருந்து கையை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.